அதனதன் ஈரம்

நெய்வேலியில் பூமிக்குள்ளிருந்து வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். சுரங்கத்திலிருந்து வந்த கட்டியைக் கையில் எடுத்தால் ஜில்லென்று இருக்கும். அதை வெயிலில் கிடத்தினால் வெடித்து, உதிர்ந்து, தூளாகும். காய்ந்ததைக் குவித்து வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு உள்ளுக்குள் சூடேறும். யாரும் நெருப்பு வைக்காமலே புகையும். ஈரத்தோடு வெளியூருக்கு அனுப்பினால் பாதிக் கூலி தண்ணீரைச் சுமப்பதற்கு. காயவைத்து அனுப்பினால் வழியில் பற்றிக்கொள்ளும் அபாயம். அதனால்தான் சுரங்கத்தை ஒட்டியே அனல்மின் நிலையம் வைத்தார்கள்; மின் நிலையத்தை ஒட்டி நகரியம் வந்தது. நான் வளர்ந்த ஊர் அந்த இடத்தில் இருப்பதற்கே ஒரு பொருளின் ஈரம் ஒரு காரணம்.

ஈரம் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: ஈரம் கெட்டது, உலர்வு நல்லது. ஷூ டப்பாவில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எடுத்து ஆல்பத்தில் வைக்கிறார்கள், பட்டுப்புடவையில் வைக்கிறார்கள், மிருதங்கப் பையில் வைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இப்படி நினைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஈரம் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். தொழிற்சாலையும் அதைத்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, அடுக்களையும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தது.

1935இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது என்பதில்தான் நெய்வேலியின் கதை தொடங்குகிறது. 1956இல் சுரங்க நிறுவனம் அமைந்தது. 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பொறியாளர்கள் போராடியது தண்ணீரோடு. நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் ஊற்றுநீர் நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். இன்றும் இரவு பகலாக பம்புகள் ஓடுவது அதற்காகத்தான்.

அந்தத் தண்ணீரின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் 1966 முதல் யூரியாவும் செய்தார்கள். யூரியாவுக்கு ஈரம் எமன். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 73 சதவீதத்தைத் தாண்டினால் குருணை காற்றிலுள்ள நீரை உறிஞ்சத் தொடங்கும், மேற்பரப்பு கரையும், மறுபடி காற்று உலரும்போது குருணையோடு குருணை ஒட்டி மூட்டை முழுவதும் ஒரே பாறையாகிவிடும். எதிர் வீட்டு மாமா மூட்டை கட்டும் பிரிவில் இருந்தார். ஐப்பசி பிறந்தால் அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. சாக்குக்குள் பாலிதீன் உறை போட்டுத் தைப்பார்கள்; 'கொக்கி போடாதே' என்று சாக்கின் மேல் அச்சிட்டிருக்கும். கொக்கி போட்ட ஒரு சின்ன ஓட்டை போதும், ஒரு மூட்டை வீணாக. "இதுக்கு மூச்சு விடவே இடம் கொடுக்கக் கூடாதுப்பா" என்பார்.

எங்கள் அப்பா பண்டகசாலைக்காரர். அவர் பொறுப்பில் வெல்டிங் ராடு இருந்தது. உயரழுத்தக் குழாய்களைப் பற்றவைக்கும் குறைந்த ஹைட்ரஜன் ராடுகளை 300 டிகிரிக்கு மேல் சுட்டு, பிறகு 120 டிகிரிக்குக் குறையாத அடுப்பில் சூடு ஆறாமல் வைத்திருந்து, வேலைக்குப் போகும்போது சின்ன அடுப்பில் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும். பூச்சில் துளி ஈரம் இருந்தாலும் அது ஹைட்ரஜனாகப் பிரிந்து இரும்புக்குள் புகுந்து, பற்றவைத்த இடத்தை மறுநாள்கூட விரிசல் விடவைக்கும். ஆனால் அதே அறையில், இரண்டு தட்டு தள்ளி, செல்லுலோஸ் பூச்சு ராடுகள் சாதாரண அலமாரியில் இருக்கும். அவற்றின் பூச்சில் 3 முதல் 7 சதவீதம் ஈரம் இருந்தே ஆக வேண்டும். அந்த ஈரம் ஆவியாகித் தரும் வேகத்தில்தான் மின்வில் இரும்பைத் துளைத்து இறங்கும். அடுப்பில் வைத்தால் ராடு பாழ்.

பள்ளி விட்டு வரும் வழியில் அப்பாவைப் பார்க்கப் போன ஒரு நாளில், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவர் நல்ல எண்ணத்தில் கேட்டார்: "சார், இதையும் அடுப்புல போட்டுடட்டுமா?"

"அதத் தொடாத தம்பி. அதுக்குக் கொஞ்சம் ஈரம் வேணும். எல்லாத்தயும் ஒரே அடுப்புல போடறதுக்கா ரெண்டு அலமாரி வச்சிருக்கோம்?"

அப்பா கோபப்பட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

வீட்டில் அம்மாவுக்கும் இரண்டு அலமாரிதான். கல்லுப்பு பீங்கான் ஜாடியில். அதன் அடியில் வறுத்த அரிசி ஒரு கைப்பிடி. அப்பளமும் வற்றலும் மூடி இறுகிய தகர டப்பாவில். நெய்வேலியைச் சுற்றியுள்ள செம்மண் பூமி முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போனது என்பதால், பலாக்கொட்டையும் முந்திரிப் பருப்பும் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. பலாக்கொட்டையை அம்மா ஈர மணலில் புதைத்து வைப்பார். சமைக்கவும் அதுதான், நடவும் அதுதான். நெல் விதையை 13 சதவீத ஈரத்துக்குக் கீழே காயவைத்தால்தான் அடுத்த பட்டம் வரை உயிரோடிருக்கும்; பலாக்கொட்டையைக் காயவைத்தால் செத்துப்போகும். ஒரே தோட்டத்தில் இரண்டு விதை, இரண்டுக்கும் நேரெதிர் விதி. விதைகளில் இப்படி உலர்வைத் தாங்காத இனம் ஒன்று உண்டு என்று தாவரவியல் புத்தகத்தில் பின்னால் படித்தேன். அம்மா புத்தகம் படித்தவரில்லை.

முந்திரி இன்னும் நுட்பம். பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போன பெண்களைக் கேட்டுப் பாருங்கள். உடைத்தெடுத்த பருப்பின் மேல்தோல் உரிய வேண்டும் என்றால் சூட்டறையில் வைத்து ஈரத்தை 3 சதவீதம் அளவுக்குக் குறைக்க வேண்டும். அந்த நிலையில் பருப்பு கண்ணாடிபோல நொறுங்கும். அப்படியே டின்னில் அடைத்தால் போய்ச் சேரும்போது பாதி உடைசல். அதனால் உரித்த பிறகு காற்றுப்பட வைத்து 5 சதவீதத்துக்கு ஈரத்தை மறுபடி ஏற்றுகிறார்கள். முழுப் பருப்புக்கும் உடைசலுக்கும் உள்ள விலை வித்தியாசம் அந்த இரண்டு சதவீத ஈரத்தில் இருக்கிறது. காயவைப்பதோடு வேலை முடிவதில்லை, திரும்ப ஈரம் கொடுக்கவும் தெரிய வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்த நாளில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஈரத்தை அளக்கக் கருவி இல்லை. கதவுதான் கருவி. ஐப்பசி கார்த்திகையில் பின்கட்டுக் கதவு உப்பிக்கொண்டு மூடாது. சித்திரையில் சுருங்கித் தாழ்ப்பாள் எட்டாது. அப்பாவின் நண்பர்களுக்கு மின்மாற்றியின் மூச்சுக்குழலில் இருக்கும் சிலிக்கா ஜெல் கருவி: நீலமாக இருந்தால் உலர்வு, இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். நீலம் தந்த கோபால்ட் குளோரைடு உடம்புக்கு ஆகாது என்று தெரிந்த பிறகு இப்போது ஆரஞ்சு நிறத்தில் வருகிறது. ஓவர்சியர் வீட்டுப் பிள்ளை முதல் ஆபரேட்டர் வீட்டுப் பிள்ளை வரை அந்த நிறம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தோம். வீடுகளும் மூச்சு விட்டன. உயரத்தில் வென்டிலேட்டர், எதிரெதிர் சன்னல், நடுவில் எப்போதும் காற்று. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே இருப்பதோடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்.

இன்று நிலைமை தலைகீழ். பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரிலோ கடலூரிலோ சென்னையிலோ அடுக்ககத்தில் இருக்கிறோம். சன்னல் நகர்த்தும் கண்ணாடி; படுக்கையறையில் ஏசி. ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எண் தெரியாத காலத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி இடம் இருந்தது. எண் கைக்கு வந்த காலத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒரே விதி வந்துவிட்டது. இது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் இதில் நல்ல பொருள்கள் போகின்றன. ஒரு தோழியின் வீட்டில் அவர் பாட்டியின் தஞ்சாவூர் வீணை. பண்ருட்டிப் பலா மரத்தில் செய்தது. நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏசி அறையில், ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைத்திருந்தார்கள். குடத்தில் விரிசல். மூன்று தலைமுறையாகக் கூடத்து மூலையில் உறைபோட்டுக் கிடந்து ஒன்றும் ஆகாத வீணை.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். 30 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக் காற்று 17 கிராம்தான் தாங்கும். அது தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே நாம் சொல்லும் ஒப்பு ஈரப்பதம். மழைக்காலத்தில் 30 டிகிரியில் 60 சதவீதம் என்றால் 18 கிராம் இருக்கிறது. ஒருதுளி நீரும் சேர்க்காமல் அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அது 100 சதவீதத்தைத் தாண்டி, நீர் பூக்கும். ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் மங்குவது இதனால்தான். ஏசி ஓடும்போது இயந்திரம் ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுகிறது. நிறுத்தினால் வெளிக்காற்று புகுந்து, அதன் ஈரம் குளிர்ந்த சுவரிலும் பீரோவிலும் படிகிறது. தினமும் ஏறி இறங்கும் இந்த ஊசலாட்டம், சீராக 60 சதவீதத்தில் இருப்பதைவிட மரத்துக்கும் காகிதத்துக்கும் அதிகக் கேடு. நீரை ஏற்று விரிந்தும் இழந்து சுருங்கியும் அவை களைத்துப்போகின்றன.

ஆகவே எது எவ்வளவு? காகிதம் 50 சதவீதக் காற்றில் தன் எடையில் ஆறேழு சதவீத நீரை வைத்துக்கொண்டு நெகிழ்வாக இருக்கும். 30க்குக் கீழே போனால் மடித்த இடத்தில் ஒடியும். 65ஐத் தாண்டினால் பூஞ்சணம். நம் ஊரில் 50க்கும் 55க்கும் நடுவில் சீராக நிற்பது போதும். பலா மர வாத்தியத்துக்கும் அதே அளவு. லென்ஸுக்கு 40 முதல் 50. ஒலிநாடாவுக்கும் ஃபிலிம் நெகட்டிவுக்கும் 40க்குப் பக்கம், முடிந்தவரை குளிர்ச்சி. பழைய அசிடேட் நெகட்டிவில் வினிகர் வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், உடனே தனியே பிரித்துவிட்டு நகல் எடுங்கள். ஓலைச்சுவடிக்கு உலர்வு பெரும் பகை. தஞ்சை சரசுவதி மகாலில் எண்ணெய் தடவி அதன் நெகிழ்வைக் காப்பாற்றுகிறார்கள். அங்கு மரபாக வைக்கும் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை, கற்பூரப் பொட்டலம் பூச்சிக்கு; ஈரத்துக்கு அல்ல. நம் வீட்டு அந்துருண்டையும் அப்படித்தான். அது ஈரத்தை உறிஞ்சாது.

அரிசியும் நினைக்கிற அளவுக்கு உறிஞ்சாது. கடையில் வாங்கும் அரிசியிலேயே 12, 13 சதவீத ஈரம் இருக்கிறது. மூடிய பெட்டியில் அது காற்றை 60, 65 சதவீதத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும். அதனால் நனைந்த செல்போனை அரிசியில் புதைப்பதில் பெரிய பயன் இல்லை. அம்மா வறுத்த பிறகுதான் அரிசியை உப்பு ஜாடியில் போட்டார். வறுத்ததில் தண்ணீர் போய்விட்டது, அதற்கு இழுக்க இடம் இருந்தது.

உப்பை வைத்தே ஈரமானியைச் சோதிக்கலாம். கடையில் வாங்கும் மானிகள் பலவும் ஐந்து, பத்து சதவீதம் தப்பாகக் காட்டும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, கூழாகும் அளவுக்கு மட்டும் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். உப்பு கரைசலாகிவிடக் கூடாது, கூழாக நிற்க வேண்டும். ஒரு இரவு கழித்துப் பார்த்தால் மானி 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி ஐந்து குறைவாகக் காட்டுகிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சாப்பாட்டு உப்பு 75 சதவீதத்தில்தான் கசியத் தொடங்கும் என்ற இயற்கை விதி இது. கல்லுப்பு அதற்கு முன்பே கசிவதற்கு அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காரணம். அது 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கும்.

சிலிக்கா ஜெல்லை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பழக்க வேண்டும். அடுப்பில் சுட்டுப் புதிதாக எடுத்த ஜெல்லைப் புகைப்படப் பெட்டியில் போட்டு இறுக மூடினால் ஈரத்தை 20க்கும் கீழே இழுத்துவிடும். ஜெலட்டின் பூச்சு சுருண்டு வெடிக்கும். அருங்காட்சியகங்களில் செய்வது வேறு: ஜெல்லை 50 சதவீத ஈரமுள்ள அறையில் பரப்பி, அந்த அளவு நீரைக் குடிக்கவிட்டு, பிறகு பெட்டிக்குள் வைக்கிறார்கள். அப்போது அது ஈரம் ஏறினால் வாங்கிக்கொள்ளும், இறங்கினால் திருப்பிக் கொடுக்கும். தை, மாசியில் காற்று இதமாக இருக்கும் நாளில், மானி 50 காட்டும் நேரத்தில், வீட்டிலும் இதைச் செய்யலாம். பெட்டி மட்டும் காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். பீரோவின் கதவிடுக்கு வழியாக வரும் காற்றுக்கு எத்தனை பொட்டலமும் ஈடுகொடுக்காது.

அந்தக் காலத்தை நான் உயர்த்திப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்போதும் இழந்தோம். சட்டம் போட்ட கல்யாணப் படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப் பாழாகாத வீடு எங்கள் வட்டத்தில் இல்லை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு அட்டை விளிம்பு வைத்திருந்தால் பிழைத்திருக்கும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் வந்தபோது முந்திரியும் பலாவும் வேரோடு போயின. நகரியத்தின் பெருமரங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லாத நாள்களில் நனைந்த ஆல்பங்களை வெயிலில் காயவைத்து மேலும் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். நனைந்து ஒட்டிய படங்களைப் பிரித்து இழுக்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, தானாகப் பிரிந்த பிறகு நிழலில் கொடியில் மாட்ட வேண்டும்.

நெய்வேலியில் அந்த யூரியா ஆலை இப்போது இயங்கவில்லை. பழுப்பு நிலக்கரியின் ஈரத்தைப் போக்கி, அழுத்தி, கரியாக்கி 'லெக்கோ' என்று அடுப்புக்கு விற்ற ஆலையும் இல்லை. முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் தெருக்கள் எப்போதோ போய்விட்டன. அந்தத் தெருக்கள் எப்படி இருந்தன, முதல் தலைமுறைத் தொழிலாளிகள் எந்த முகத்தோடு வந்து இறங்கினார்கள் என்பதெல்லாம் இன்று தனித்தனி வீடுகளின் பரண்களில் இருக்கும் ஆல்பங்களிலும், பத்திரக் கட்டுகளிலும், கடிதங்களிலும், ஒலிநாடாக்களிலும்தான் இருக்கிறது.

அப்படி ஒரு கட்டு உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே பரணிலிருந்து இறக்குங்கள். கோடையில் ஓட்டுக்கடியில் இருக்கும் பரணைவிடக் கெட்ட இடம் வேறு இல்லை. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவை ஒரு சாண் முன்னே நகர்த்துங்கள். கீழ்த்தட்டில் எதையும் வைக்காதீர்கள். காகிதத்தையும் நெகட்டிவையும் ஒலிநாடாவையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள், அவற்றின் தேவை வேறு வேறு. ஒரு மானி வாங்கி, உப்பில் சோதித்து, பெட்டிக்குள் வைத்து, ஆடியில் ஒரு முறையும் ஐப்பசியில் ஒரு முறையும் திறந்து பாருங்கள். 40க்குக் கீழேயும் 60க்கு மேலேயும் போகாமல் பார்த்துக்கொண்டால் உங்கள் பேரப்பிள்ளைகளின் கைக்கு அவை போய்ச் சேரும்.